பாவு நீட்டுகிற தெருவில் பெஞ்சு

எங்கள் மகளிர் சங்க அலுவலகத்தில் நான் செயலாளராக இருந்த காலத்தில் கொடுத்த மனுக்களை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். அவற்றில் மனு கொடுத்ததுமே கிடைத்த கோரிக்கை ஒன்றே ஒன்று. கிடைத்த பிறகு, தயவுசெய்து இதை எடுத்துக்கொண்டு போங்கள் என்று எங்கள் உறுப்பினர்களே தெருவில் உட்கார வேண்டி வந்தது.

இதை இப்போது எழுதக் காரணம், இன்றைக்குச் செயலாளராக இருக்கிற பெண். போன வாரம் போன் செய்து வருத்தப்பட்டாள். அடுத்த வருடம் எந்தக் கோரிக்கையைக் கையில் எடுக்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டாளாம். எல்லாரும் கட்டைவிரல் போட்டார்களாம். எந்தக் கோரிக்கைக்குப் போட்டீர்கள் என்று கேட்டால் அதற்கும் கட்டைவிரல். "ஆன்ட்டி, நீங்க பழைய ஆளு. நம்ம மெம்பர்ஸுக்கு எதனா எழுதிக் குடுங்களேன்" என்றாள். பழைய ஆள் என்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம்தான் எடுத்துக்கொண்டேன்.

1. பெஞ்சு இறங்கிய நாள்

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் உறுப்பினர்கள் அதிகம் வசிக்கும் அகலமான தெரு ஒன்று உண்டு. ஒரு நாள் மதியம் மாநகராட்சி லாரி வந்து அந்தத் தெருவின் நடுவில் வரிசையாகச் சிமெண்ட் பெஞ்சுகளை இறக்கிவிட்டுப் போனது. ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் எங்கள் சங்கத்தின் பெயர், அதற்குக் கீழே 'பெண்களின் கோரிக்கையை ஏற்று' என்ற வரி. பெஞ்சுக்குப் பக்கத்தில் மரக்கன்றுகளும் வரவேண்டும். எங்கள் கோரிக்கையின் பெயரே 'நிழலும் இருக்கையும்' என்பதுதான். இருக்கை வந்துவிட்டது. நிழல் அடுத்த பட்ஜெட்டில் வரும் என்றார்கள்.

எங்கள் தலைவி ஹேமலதா மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேடம் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது அவரால்தான், அதை நான் எங்கேயும் சொல்வேன். பால்கோவா பெட்டிகளோடு காரில் வந்து இறங்கினார். பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்று தொட்டுப் பார்த்தவர், வெயிலில் அது கொதித்ததால் பக்கத்தில் நின்றபடியே எடுத்துக்கொண்டார். "சரோஜா, பத்து வருஷத்துல நம்ம முதல் வெற்றி" என்றார். எனக்கும் ஒரு பெட்டி கிடைத்தது. நன்றாகவே இருந்தது.

மறுநாள் நான் அலுவலகத்தைத் திறக்கும்போது வாசலில் மகேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். இவள் பாவு நீட்டுகிறவள். பட்டுச்சேலையில் நீளவாட்டில் போகும் இழைகளைத்தான் பாவு என்போம். சாயம் ஏறி வந்த பாவைத் தறியில் பூட்டுவதற்கு முன் தெருவில் முழு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, மூங்கில் கழிகளில் தாங்க வைத்து, இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி தெளித்து, காயவைத்துச் சுருட்ட வேண்டும். விடியலில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடிகிற வேலை. மகேஸ்வரியும் அவளோடு சேர்ந்த பெண்களும் அந்தத் தெருவில்தான் இதைச் செய்துவந்தார்கள். தெருவின் நடுவில்.

"இன்னாமா இது?" என்றாள். கோபத்தில் அவளுக்குக் குரல் உயராது, தாழும். "நடுத்தெருவுல பெஞ்சு போட்டுக்கினு போயிருக்கானுங்க. பொம்பளைங்க கேட்டாங்கன்னு எழுதி வேற இருக்குது. எந்தப் பொம்பளைமா கேட்டா? சொல்லு, அவள ஒரு தபா நான் பாக்கணும்."

சங்கத்தின் உறுப்பினர் அட்டைப்படி அந்தப் பொம்பளை மகேஸ்வரிதான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மின்விசிறியைப் போட்டேன்.

2. கடைசிப் பொருள்

எங்கள் சங்கம் சர்வாதிகாரச் சங்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடுத்த வருடக் கோரிக்கையை ஆண்டுப் பொதுக்கூட்டம்தான் தேர்ந்தெடுக்கும் என்று விதியே உண்டு. அந்த விதியை ஒரு வருடம்கூட நாங்கள் மீறியதில்லை.

கூட்டம் பிற்பகலில் தொடங்கும். முதலில் வரவேற்பு. அதற்குப் பிறகு ஆண்டறிக்கை, அதை நான் படிப்பேன், கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். பிறகு சிறப்பு விருந்தினர். அவருக்குப் பட்டுச் சால்வை. அவர் பேசி முடித்ததும் வடையும் டீயும். அதற்கெல்லாம் பிறகு கடைசிப் பொருளாக, 'அடுத்த ஆண்டுக்கான கோரிக்கையை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தல்'.

வடை தீரும் நேரத்தில் முசரவாக்கத்துப் பெண்கள் எழுந்துவிடுவார்கள். பட்டுக்கடைகளிலும் நூல் சுற்றும் இடங்களிலும் வேலை செய்கிறவர்கள், அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே தெரியாது. திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வரும் பத்மாவதி அக்காவும் அவரோடு வருகிறவர்களும் ஜைனக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். அவர்கள் வடையைக்கூடக் கையில் வாங்காமல் கிளம்பிவிடுவார்கள். சின்ன காஞ்சிபுரத்துப் பெண்களுக்கு மறுநாள் விடியலில் பாவு. மிஞ்சுகிறவர்கள் யார் என்றால், சொந்தக் கார் உள்ளவர்கள், கார் உள்ளவர்களோடு வந்தவர்கள், கதவைப் பூட்ட வேண்டிய நான். இவர்கள் ஏகமனதாகத் தேர்ந்தெடுப்பார்கள். மேடம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வெளியூரில் ஒரு தெருவில் பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து வந்திருந்தார். அந்த வருடம் ஏகமனது பெஞ்சில் போய் உட்கார்ந்தது.

இடம் பார்க்கவும் போனோம். இதைக் குறையாகச் சொல்ல முடியாது, செயற்குழுவே நேரில் போனது. காலைச் சிற்றுண்டியெல்லாம் முடித்துப் பதினோரு மணி வாக்கில் போனோம். பாவெல்லாம் சுருட்டி வீட்டுக்குள் போய்விட்ட நேரம். தெரு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. "பாருங்க, இவ்ளோ இடம் சும்மா கிடக்குது" என்றார் மேடம். அந்த நேரத்தில் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தெருவில் ஒரு பெண்ணும் இல்லை. எல்லாரும் உள்ளே தறியில் இருந்தார்கள். வெளியே வந்து உட்கார இடம் இல்லாததால்தான் பெண்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறார்கள் என்று மேடம் அங்கேயே நின்று மனுவின் முதல் பத்தியைச் சொன்னார்.

'உறுப்பினர்களின் ஒருமித்த கோரிக்கை' என்பதை நான் தனியாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அது எங்கள் கடிதத்தாளிலேயே அச்சாகி இருக்கும்.

3. பொறியாளர் சொன்ன வழி

மகேஸ்வரி வந்து நின்றது ஆனி மாதம். ஆவணி முகூர்த்தப் புடவைகளுக்கான பாவெல்லாம் அப்போதுதான் வரும். அந்த ஒன்றரை மாத வேலைதான் அவளுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் பெரிய வரும்படி. பெஞ்சின் இரண்டு பக்கமும் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டதால் ஓரத்தில் நீட்ட வழியில்லை. பாவு நேராகத்தான் போகும். பெஞ்சைப் பார்த்து ஒதுங்கி வளைந்து போகாது.

இரண்டு நாள் பார்த்துவிட்டு அவர்கள் பெஞ்சுகளுக்கு மேலேயே கட்டிப் பார்த்தார்கள். நடுவில் காற்றில் ஆடிய பாவு, சங்கத்தின் பெயர் பொறித்த முதுகு விளிம்பில் உரசிவிட்டது. நான் போனபோது மகேஸ்வரி தரையில் குந்தி, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக விரலில் உருட்டி முடிந்துகொண்டிருந்தாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. கஞ்சி அவசரமாகக் காய்ந்து நூல் முறுக்கிக்கொண்டிருந்தது. பாவு கொடுத்த கடைக்காரரின் ஆள் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா மொதலாளி வேற தெருவுக்குக் குடுத்துடுவாரு மகேசு. எங்கைல ஒண்ணும் இல்ல" என்றார் அவர். மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. மகேஸ்வரி தலை நிமிரவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் இழை முடிகிறவள் கண்ணைத் துடைக்கக் கையை எடுக்க முடியாது.

நேராக மேடத்திடம் போனேன், இருவரும் மாநகராட்சிப் பொறியாளரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர், டீ கொடுத்தார்.

"ரோட்டுல எங்க வேணா போட்டிருக்கலாமே சார், நடுவுலயா போடணும்?" என்றேன்.

"ரெண்டு ஓரமும் சாக்கடை மேடம். வீட்டுப் படி வேற தெருவுல நீட்டிக்கினு இருக்குது. நடுவுலதான் இடம்" என்றார் அவர். "எடுக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. பெண்களுக்கு இருக்கை வேணாம்னு உங்க சங்கத்துலேருந்தே ஒரு மனு குடுத்துடுங்க. நாளைக்கே லாரி அனுப்பறேன்."

மேடத்தின் முகம் போன போக்கைப் பார்த்தேன். "அப்டி எப்டி சார் குடுக்க முடியும்? பேப்பர்ல வந்திருக்கு" என்றார்.

"அதான் மேடம் எங்களுக்கும் கஷ்டம். போட்டதுக்கு எங்க கமிஷனருக்குப் பாராட்டு வந்துருக்குது" என்றார் பொறியாளர்.

இரண்டு பேரும் தத்தம் பாராட்டுகளை நினைத்துக்கொண்டு டீயை ஆற்றினார்கள். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

திரும்பி வரும்போது காரில் மேடம் சொன்னார். "மரம் வளரட்டும் சரோஜா. நிழல் வந்துட்டா அவங்களே ஒத்துப்பாங்க." நான் மரம் வளரும் வேகத்தையும் ஆவணி வரும் வேகத்தையும் யோசித்துக்கொண்டு வந்தேன். சம்பளம் வாங்குகிறவள், யோசிக்கத்தான் முடியும்.

4. வடைக்கு முன்னால்

மகேஸ்வரி சங்கத்தை விட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் தெருவே அவளோடு போயிருக்கும். ஆனால் அவள் ஒரு நாள் வந்து விதிப் புத்தகத்தைப் படித்துக்காட்டச் சொன்னாள். உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் சிறப்புக் கூட்டம் போடலாம் என்று அதில் இருந்தது. அந்த விதி இருப்பதே எங்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். முசரவாக்கம், திருப்பருத்திக்குன்றம் எல்லாம் போய்க் கையெழுத்து வாங்கிவந்துவிட்டாள்.

"கூட்டம் காலைல வை. கோரிக்கையதான் மொதல்ல பேசணும். வடைய அப்பறம் துன்னலாம்" என்றாள் என்னிடம்.

மேடம் மறுக்கவில்லை. ஜனநாயகத்தில் அவருக்கு நம்பிக்கை உண்டு. அதனால் உறுப்பினர்கள் சிரமப்பட வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க மூன்று கோரிக்கைகளை அவரே தயார் செய்துகொண்டு வந்தார். ஒன்று, கோயில் திருவிழாவில் பிளாஸ்டிக் ஒழிப்பு. இரண்டு, பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி. மூன்று, பஸ் நிலையச் சுவரில் பெண்மையைப் போற்றும் ஓவியம். மூன்றுக்கும் பேனர் வடிவமைப்புகூட ரெடியாக இருந்தது.

என்னிடமும் ஒன்று இருந்தது, மறைப்பானேன். கரை இழைத்து நெய்கிற சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நடுவில் புருஷன் உட்கார்ந்தால் ஓரத்தில் கரைக்கான நூலை நாடாவில் வைத்துக் குறுக்கே ஓட்டுகிற இரண்டாவது ஆள் பெரும்பாலும் பெண்டாட்டி. நெசவாளர் என்ற அடையாள அட்டை அவருக்கு உண்டு, இவளுக்குக் கிடையாது. அந்த அட்டைக்காகப் போராட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. கூட்டத்தில் மேடத்தின் அனுமதியோடு எழுந்து பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று பல பேர் சொன்னார்கள். கைதட்டினார்கள். கை தூக்கச் சொன்னபோது கூட்டத்தில் மூன்று நான்கு கைதான் எழுந்தது, அதில் ஒன்று என்னுடையது.

"அட்டையும் வேணும்மா. வேணான்னு யார் சொன்னா?" என்றாள் மகேஸ்வரி எழுந்து. "ஆனா பாவு போட எடம் இல்லாத தெருவுல அட்டைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? மொதல்ல பெஞ்ச எடுக்கணும்."

அவள் தெருப் பெண்கள் கை தூக்கினார்கள். மற்றவர்கள் தூக்கவில்லை. முசரவாக்கத்துச் செல்வி, பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை பார்ப்பவள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க தெருவுக்குப் பெஞ்சு வந்துச்சு, உங்களுக்குப் புடிக்கல. அதுக்கு நாங்க இன்னாத்துக்குக் கை தூக்கணும்?" என்றாள் செல்வி. "காலைலேருந்து கடையில நின்னுக்கினே இருக்கறேன். உட்காரக் கூடாது. சாயந்தரம் பஸ் ஸ்டாப்புலயும் நிக்கிறேன். கூரை மட்டும் போட்டு வெச்சிருக்காங்க, உட்கார ஒரு கல்லு இல்ல. எங்கள யாரு கேட்டீங்க?"

"நீ கடையில நிக்கறதும் நான் பாவு போடறதும் ஒண்ணா?" என்றாள் மகேஸ்வரி.

"உன் காலு காலு, என் காலு கட்டையா?"

இப்படியே அரை மணி நேரம் போனது. என் தட்டச்சு அனுபவத்தில் பார்க்காத கூட்டக் குறிப்பு அது. பொறுப்பாகப் பேச வராதவர்களைக் கூப்பிட்டால் இப்படித்தான் ஆகும் என்று செயற்குழுவில் ஒருவர் என் காதில் சொன்னார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது, அட்டை தோற்ற வருத்தத்தில் இருந்தேன்.

பத்மாவதி அக்கா அதிகம் பேசுகிறவர் இல்லை. வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம், அந்தக் கணக்கைப் பேசும்போதுதான் வாய் திறப்பார். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இங்க கூரை இல்லாத பெஞ்சு. அங்க பெஞ்சு இல்லாத கூரை. அத்த தூக்கி அங்க போட்டா ஆச்சு. இதுக்குப் போய் ரெண்டு பேரும் தொண்டைய கிழிச்சுக்கினு இருக்கீங்க."

முதலில் செல்வி கை தூக்கினாள். கடைசியில் பார்த்தால் பிளாஸ்டிக்குக்கு இருந்த இரண்டு கையும் அதற்கே வந்துவிட்டன.

மேடம் என்னிடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "பெஞ்சை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்துவது ஒரு மகளிர் சங்கத்தின் ஓராண்டுக் கோரிக்கையா?" எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் விதி விதிதான், குறிப்பில் எழுதினேன்.

5. உட்கார்ந்த நாள்

பொறியாளர் இடமாற்ற மனுவைப் படித்தார். பஸ் நிறுத்தம் வேறு பிரிவு, வேறு கோப்பு, ஆவணிக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். ஆவணிக்குப் பிறகு மகேஸ்வரிக்கு அந்தத் தெருவே தேவைப்படாது. கடைக்காரர் அடுத்து வரவேண்டிய பாவை ஏற்கெனவே வேறு தெருவுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

அதனால் அந்தத் தெருவிலேயே ஓர் ஆர்ப்பாட்டம் வைப்பது என்று முடிவானது. இதற்கு முன் நாங்கள் நடத்திய ஆர்ப்பாட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. செயற்குழு வரும், நான் வருவேன், பேனர் பிடிக்க மேடத்தின் டிரைவர் வருவார். புகைப்படக்காரரிடம் கொஞ்சம் நெருக்கி எடுக்கச் சொல்வோம், கூட்டம் தெரிய வேண்டுமே. அந்த அனுபவத்தில் அன்றைக்கும் ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு போனேன்.

தெருவில் திரும்பியதும் நின்றுவிட்டேன். எல்லாப் பெஞ்சிலும் பெண்கள். இடம் போதாமல் பெஞ்சுக்குப் பெஞ்சு நடுவில் தரையிலும் பெண்கள். முசரவாக்கத்திலிருந்து வந்தவர்கள் கடைக்கு அரைநாள் லீவு சொல்லி வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வாழ்க்கையில் பாவு நீட்டியதில்லை. திருப்பருத்திக்குன்றத்துப் பெண்களுக்குப் பெஞ்சும் வேண்டாம், தெருவும் வேண்டாம், அவர்கள் ஊர் வேறு திசை. ஆனாலும் சோற்று மூட்டையோடு வந்திருந்தார்கள். பெஞ்சு போட்ட நாளிலிருந்து அதில் பெண்கள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அதை அகற்றச் சொல்லி.

பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். "எந்திரிங்கம்மா, இது இன்னா?" என்றார்.

"உட்காரத்தான சார் போட்டீங்க?" என்றாள் செல்வி. "உட்கார்ந்துக்கினு இருக்கறோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தேன்.

வெயில் ஏறும் நேரத்தில் மேடத்தின் கார் வந்தது. அவர் வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். எங்கே நிற்பது என்று தெரியாமல் தெருமுனையில் தயங்கினார். பேச மைக் இல்லை, அவர் பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மகேஸ்வரி தன் பக்கத்தில் இருந்தவளைத் தட்டி, "தள்ளு, மேடம் உட்காரட்டும்" என்றாள்.

மேடம் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். "என்னமா இப்டி சுடுது? இதுல யார் உட்காருவா?"

"அத்தத்தான் மேடம் சொல்லிக்கினு இருக்கறோம்" என்றாள் மகேஸ்வரி. தன் முந்தானையை மடித்துப் பெஞ்சின் மேல் விரித்தாள். மேடம் அதன் மேல் உட்கார்ந்தார். பொறியாளர் போன் செய்ய ஓரமாகப் போனார். பேராசிரியர் உட்கார்ந்திருக்கிற பெஞ்சு வேறு பிரிவு, வேறு கோப்பு என்று அவரால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை போலும். பெஞ்சுகளைச் செல்வியின் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுபோகப் பொழுது சாய்வதற்குள் லாரி வந்தது. பத்மாவதி அக்கா மணியைப் பார்த்துக்கொண்டே கடைசிப் பெஞ்சு ஏறும்வரை நின்றுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் விடியலில் மகேஸ்வரி தெரு நடுவில் பாவு நீட்டினாள். பார்க்க நானும் போயிருந்தேன், எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. அரக்கு நிறப் பாவு, தெருவின் பாதி நீளத்துக்கு நேராகக் கிடந்தது. கடைக்காரரின் ஆள் ஸ்கூட்டரில் வந்து பார்த்துவிட்டு, மற்ற பாவுகளையும் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார்.

6. இந்த வேலையில் நான் கற்றது

அந்த வருடத்திலிருந்து கோரிக்கைத் தேர்வு கூட்டத்தின் முதல் பொருளாகிவிட்டது, காலையிலேயே. சிறப்பு விருந்தினர் கடைசியில் பேசுகிறார். அவருக்குக் கூட்டம் குறைவு, சால்வை உண்டு.

உறுப்பினர்களைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தால் சரியான கோரிக்கை கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டுத் தேர்ந்தெடுத்தும் அடையாள அட்டை அடுத்த வருடமும் தோற்றது. இப்போது நான் சாதாரண உறுப்பினர், இந்த வருடமும் அதற்குத்தான் கை தூக்கப் போகிறேன், தோற்றுப் பழகிவிட்டது. அவர்கள் தேர்ந்தெடுப்பதில் சில எனக்குச் சப்பென்று இருக்கும். ஆனால் நாங்கள் அறைக்குள் தேர்ந்தெடுத்த நல்ல நல்ல கோரிக்கைகளுக்கெல்லாம் டிரைவர்தான் பேனர் பிடித்தார் என்பதை மறந்துவிட முடியவில்லை. தான் சொல்லி ஜெயித்ததற்கு ஆள் வருவது பெரிய விஷயம் இல்லை. தான் சொன்னது தோற்ற பிறகும் ஆள் வருகிறதே, அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

அடுத்த வருடக் கூட்டத்தில் மகேஸ்வரி, மழைக்காலத்தில் பாவு போட ஒரு நீளக் கொட்டகை வேண்டும் என்று கேட்டாள். நியாயமான கோரிக்கை. அவளே ஜெயிப்பாள் என்று நான் உறுதியாக இருந்தேன். திருப்பருத்திக்குன்றம் போகும் சாலையில் விளக்கு வேண்டும் என்ற கோரிக்கைதான் ஜெயித்தது. மகேஸ்வரியின் தெருவிலேயே பாதிப் பேர் அதற்குக் கை தூக்கிவிட்டார்கள். அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வடையும் தின்னாமல் வீட்டுக்குப் போனாள்.

விளக்குக்காக ஆட்சியர் அலுவலக வாசலில் நின்ற அன்று, பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தது மகேஸ்வரி. மறுமுனையில் பத்மாவதி அக்கா. அந்தச் சாலைப் பக்கம் மகேஸ்வரி வருடத்துக்கு ஒரு முறைகூடப் போகிறவள் இல்லை. நல்ல வெயில். முணுமுணுத்துக்கொண்டேதான் நின்றாள்.

"உன் கொட்டகை தோத்துப் போச்சு. நீ எதுக்கு வந்து வெயில்ல நிக்கிற?" என்று கேட்டேன்.

அவள் பேனரை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள். சுருக்கம் விழுந்தால் பொறுக்காத கை.

"இந்த தபா நான் கூட இருந்துக்கினே தோத்தேன்மா. அது பரவால்ல" என்றாள். "அந்த தபா நான் இல்லாமயே என்னை ஜெயிக்க வெச்சிட்டீங்க பாரு, அதுதான் தாங்க முடியாம போச்சு."